ஒஸ்ரினுக்குள்ளே கிடக்கும் தொண்ணூறுகள்

யாழ்ப்பாணத்துக் கலியாண அல்பங்களில் கொஞ்சக் காலமாக ஒரு பழைய கார் கட்டாயம் நிற்கிறது. ஒஸ்ரின் ஏ40, இல்லாட்டி மொறிஸ் மைனர், சிலவேளை கேம்பிறிட்ஜ். பொம்பிளையும் மாப்பிளையும் கதவில் சாய்ந்து நிற்பார்கள். பொனற்றில் பூமாலை, பின்னால் ஒரு நாற்சார் வீடு. இந்த ஆசையோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்ந்திருக்கு. எங்கட வயதுப் பெடியள் சிலர் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தேடிப் பிடித்து, கழற்றி, பூட்டி, நிறம் அடித்து ஓட வைப்பதைப் பொழுதுபோக்காகச் செய்யினம். சனி ஞாயிறில் கையெல்லாம் கிறீஸோடு ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது ஃபோனுக்குள் தலையை விடுவதை விட நல்ல விசயம்தான்.

ஆனால் அந்த வேலையில் ஒரு கேள்வி இருக்கு. ஒரு காரை 'பழையபடி' ஆக்குவது என்றால் எந்தப் பழையபடி? 1952இல் இங்கிலாந்துத் தொழிற்சாலை வாசலால் வெளியே வந்த மாதிரியா? 1992இல் நல்லூர் வீதியால் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு போன மாதிரியா?

இரண்டாவதும் ஒரு பழையபடிதான் என்பதும், வரலாறு படிக்கிற ஆட்களுக்கு அதுதான் பெறுமதியானது என்பதும் எங்கட கருத்து. ஏன் என்று சொல்ல, அந்தக் கார்கள் இங்கே வந்த கதையில் இருந்து தொடங்க வேணும்.

கார் வந்த வழி

ஒஸ்ரின் ஏ40 இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த கார். டெவன் என்ற மாதிரி 1947இல் இருந்து 1952 வரையும், அதன் பிறகு உருண்டை உடம்போடு சோமசெற் என்ற மாதிரி 1954 வரையும் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. பேரில் உள்ள 40 என்பது ஏறத்தாழ அதன் குதிரைவலு. எஞ்சின் 1200 சீசீ. மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த அந்தக் கார் 1971 வரை, பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கொம்பனியாகச் சேர்ந்துவிட்டன.

போரால் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா அப்போது கார்களை ஏற்றுமதி செய்துதான் அந்நியக் காசு தேடியது. அப்படி ஏற்றுமதியானவற்றில் ஒரு பங்கு இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவற்றை வாங்கியவர்கள் டொக்டர்மார், பிறக்கிறாசிமார், கடை முதலாளிமார், மலாயாவில் வேலை செய்து ஓய்வூதியத்தோடு திரும்பிய பென்சனியர்மார். அடுத்த கட்டமாக அதே கார்கள் ஹயர்க் கார்களாக மாறி, சந்திகளிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் வரிசையில் நின்றன. சோமசெற் என்று சொன்னால் ஹயர்க் கார் என்றே விளங்கிய ஒரு காலம் இருந்தது.

இந்தக் கார்களின் நம்பர் பிளேற்றும் ஒரு வரலாற்று ஆவணம். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை பதிந்த கார்களில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. மாதிரி இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து எடுத்த எழுத்துகள் அவை. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, 1957இல், அந்த இடத்துக்குச் சிங்கள 'சிறீ' வந்தது. தமிழரசுக் கட்சி சிறீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. ஆட்கள் தமிழில் 'சிறீ' எழுதிய பிளேற்றோடு கார் ஓடினார்கள். 1958இல் சிங்கள சிறீ பொறித்த புது பஸ்களை அரசு வடக்குக்கு அனுப்ப, போராட்டம் மறுபடி எரிந்தது, தார் பூசுவது தெருவுக்கு வந்தது. அந்த வருசக் கலவரத்தை எல்லாரும் படித்திருப்போம். அதற்கு முன்னால் ஒரு நம்பர் பிளேற்றுச் சண்டை இருந்தது என்பது பழைய கார்க்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வரலாற்று மாணவருக்குத் தெரிவதில்லை. ஆங்கில எழுத்துப் பிளேற்றோடு இன்றைக்கும் ஒரு கார் நிற்குமானால், அது அந்தச் சண்டைக்கு முந்திய இலங்கையில் பதியப்பட்ட கார்.

இறக்குமதி நின்ற காலம்

யாழ்ப்பாணத்தார் பழைய காரை விடாமல் வைத்திருந்ததற்குக் கஞ்சத்தனம்தான் காரணம் என்று பகிடி சொல்வது வழக்கம். பகிடிக்கு அப்பால் ஒரு நேரான காரணம் இருக்கு. 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 தொடக்கம் 1977 வரை இருந்த ஆட்சியில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. புதுக் கார் வராது, உதிரிப்பாகம் வருவதும் அருமை. அதனால் நாடு முழுவதும், வடக்கு தெற்கு என்றில்லாமல், இருந்த காரைச் சாகவிடாமல் பார்ப்பதே மெக்கானிக்கின் வேலையாகிப் போனது.

அந்தக் காலத்தில்தான் கராச்சும் லேத் பட்டறையும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இயங்கின. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாக உள்ளூரிலேயே ஒன்றைக் கடைந்து போடுவது, கிங் பின்னை நிரப்பி மறுபடி கடைவது, ஒரு காரின் சாமானை வேறொரு காருக்குப் பொருத்துவது எல்லாம் அன்றாடம் நடந்தன. படிப்பித்தவருக்குச் சேர்ட்டிபிகேற் இல்லை, படித்தவருக்கும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் சாவி எடுத்துக் கொடுக்கப் போன பெடியன் இருபது வயதில் எஞ்சின் பிரித்தான்.

வாகனத்தை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதும் அதற்கு முன்பே இருந்த பழக்கம். தட்டி வான் அதற்கு நல்ல சாட்சி. வெளிநாட்டு லொறியின் அடிச்சட்டமும் எஞ்சினும், அதற்கு மேல் உள்ளூர்த் தச்சர் அடித்த மர உடம்பு. பக்கங்கள் திறந்திருக்கும், பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியில் மூட்டை ஏறும், ஆளும் ஏறும். கொடிகாமம் சந்தைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் அப்படித்தான் போய் வந்தன. அந்த உடம்பை எந்தத் தொழிற்சாலையும் வரையவில்லை. கொடிகாமம் சந்தையின் தேவை வரைந்தது.

மற்றது, தோட்டம். எழுபதுகளில் வெங்காயமும் மிளகாயும் வெளியில் இருந்து வருவது நின்றதால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் காசு விளைந்தது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் நீரிறைக்கும் மெசின்கள் வந்தன. அவற்றில் கனக்க மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு சின்னப் பெற்றோல் தாங்கி, ஒரு பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கி. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிற்பாட்ட முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிடுவது, அப்போதுதான் அடுத்த நாள் காலை இலேசில் ஸ்ராட் ஆகும். தோட்டம் செய்கிற வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை அது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. அடுத்து வரும் பத்தாண்டைப் பற்றிக் கதைக்கும்போது 'யாழ்ப்பாணத்தானின் மூளை' என்று நெஞ்சை நிமிர்த்துவதோடு எங்கட ஆட்கள் நிறுத்திவிடுவார்கள். மூளை எல்லா ஊரிலும்தான் இருக்கு. இங்கே முப்பது வருசப் பயிற்சியும் இருந்தது.

1990க்குப் பிறகு

1990 யூன் மாதம் போர் மறுபடி தொடங்கியது. ஆனையிறவால் போகும் பாதை மூடுண்டது. மின்சாரம் போனது. வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் எதுவும் போகக்கூடாது என்று அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. சங்கக் கடைகளில் பங்கீட்டில் கிடைக்கும், மிச்சம் கள்ள விலையில். பெற்றோலை லீற்றர் கணக்கில் பேசிய காலம் போய், போத்தல் கணக்கில், பிறகு துளிக் கணக்கில் பேசும் காலம் வந்தது.

அப்போதுதான் தோட்டத்து இறைப்பு மெசினின் வேலைமுறை காருக்குள் ஏறியது. யார் முதலில் செய்தார் என்று தேடுவதில் பிரயோசனம் இல்லை. ஒரே பிரச்சினையும் ஒரே அறிவும் இருந்த ஊரில் பல கராச்சுகளில் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கக்கூடிய விடை அது. பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தல், அல்லது ஆஸ்பத்திரியில் ஏற்றி முடித்த சேலைன் போத்தலும் அதன் குழாயும். அதற்குள் கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு குழாய், இடையில் ஒரு திருகு. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேற்றி, திருகை மாற்றினால் கார் ஓடும்.

மோட்டார் சைக்கிள்களுக்கு இன்னும் சுருக்கமான வழி. எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதி திறந்ததும் ஹொண்டாவின் சின்ன மோட்டார் சைக்கிள்கள் பெருவாரியாக வந்திருந்தன. அவற்றில் எம்.டி. 90 என்பது யப்பான் தபால்காரருக்கு என்று செய்யப்பட்ட வண்டி. பாவித்த வண்டிகளாகவே இங்கே வந்து சேர்ந்தவை அவை. யப்பானில் கடிதம் கொடுத்துத் திரிந்த அந்த வண்டி இங்கே ஊசியால் பெற்றோல் குடித்தது. சிறிஞ்சியால் அல்லது சின்னப் போத்தலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்துக்கொண்டால் மிச்சம் மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் இன்னும் சில துளி. சந்தியில் நிற்பாட்டிக் கதைக்க நினைப்பவர் எஞ்சினை நிற்பாட்டாமல்தான் கதைப்பார்.

பற்றரிக்கும் தடை. இங்கே பழைய காரின் பழமையே கைகொடுத்தது. ஏ40க்கும் மொறிஸ் மைனருக்கும் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றும் வசதி இருந்தது. புதிய யப்பான் கார்களில் அது இல்லை. ஸ்ராட்டர் மோட்டரைச் சுற்றத் தென்பில்லாத பற்றரி இருந்தாலும், பிளக்கில் பொறி வருவதற்கு அது போதும், சுற்றுகிற வேலையைக் கை செய்யும். எண்பதுகளில் வாங்கிய நல்ல கார்கள் வீட்டில் முடங்க, தாத்தாவின் கார் தெருவில் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருவில் ஓடிய அந்தக் கார்கள் சும்மா ஓடவில்லை. இரவில் பிள்ளைப்பேற்று வலி வந்தவர்களையும் ஷெல்லில் காயப்பட்டவர்களையும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஹயர்க் கார் வேணும். அந்த நேரத்தில் கார் ஸ்ராட் ஆகுமா ஆகாதா என்பது போத்தலில் உள்ள பெற்றோலையும், அன்றைக்குப் பகல் காபரேற்றரைத் துடைத்துவிட்ட கையையும் பொறுத்தது. அந்தக் கை யாருடையது என்று எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

அதே தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவரோடு சேர்ந்து, அங்கே மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பழைய காரைத் திருத்தும் கைத்திறன் தெற்கில் ஏற்றுமதி வியாபாரம் ஆனது. அதே கைத்திறன் வடக்கில் ஒரு துளி பெற்றோலுக்குள் அடைபட்டிருந்தது. திறமையில் வித்தியாசம் இல்லை. பாதை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

ஏன் அது ஓடியது?

'மண்ணெண்ணெயில் கார் ஓடினது' என்று சொன்னால் எங்களை விட இளையவர்கள் நம்ப மாட்டார்கள். இன்றைய காரில் அது நடக்காது என்பதால் அவர்களின் சந்தேகம் நியாயமானது. அன்றைக்கு நடந்ததற்கான காரணம் அந்த எஞ்சின்களின் அமைப்பில் இருக்கு.

பெற்றோல் இலேசாக ஆவியாகும், குளிர் எஞ்சினிலும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகை செல்சியசில். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே நிற்கும், பொறி பட்டாலும் பிடிக்காது. அதனால்தான் முதலில் பெற்றோலில் ஓடி எஞ்சினைச் சூடாக்க வேண்டியிருந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கும். புகைக் குழாயின் சூடு உள்ளே போகும் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. குளிர் நாட்டுக் காலை நேரத்துக்காக ஆங்கிலேயர் செய்த ஒழுங்கு, எங்கட வெயிலில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

அடுத்தது அழுத்தம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. பிஸ்ரன் அதிகமாக அழுத்தினால் நேரகாலம் இல்லாமல் வெடித்து எஞ்சின் 'நொக்' பண்ணும். ஏ40 மாதிரியான பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவை ஒட்டியது. இன்றைய கார்களில் 10க்கு 1, அதற்கும் மேலே. குறைந்த அழுத்தம் என்றால் குறைந்த வலு, ஆனால் மோசமான எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில் ஒரு ஊசி, ஒரு துவாரம், அடியில் ஒரு நட்டு. அந்த நட்டைத் திருகி எண்ணெயும் காற்றும் கலக்கும் அளவைக் கையாலேயே மாற்றலாம். கொம்பியூட்டர் எரிபொருள் அளக்கும் இன்றைய காரில் அப்படித் திருக எதுவும் இல்லை.

இது உலகத்தில் யாருமே செய்யாத அதிசயமும் இல்லை. வன்னியில் இன்றும் காணும் மஸ்ஸி பேர்கசன் உழவு இயந்திரங்களின் முன்னோடி, ஹரி பேர்கசனின் ரீ.ஈ.20. 1946இல் இருந்து 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் ஒரு வகை மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவு எண்ணெயில் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மாற்றுவதுதான் அங்கேயும் முறை. ஆனால் அந்த எண்ணெயின் ஒக்ரேனைக் கூட்ட வேறு சேர்மானங்கள் கலந்திருந்தார்கள், எஞ்சினின் அழுத்தத்தையும் தொழிற்சாலையிலேயே குறைத்திருந்தார்கள். எங்கட கராச்சுக்கு வந்ததோ குப்பிவிளக்கு எரிக்கிற மண்ணெண்ணெய். அதை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைக் கையாலும் காதாலும் நிரப்பினார்கள். காதால் என்று சொல்வது சோடனைக்கு இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எப்போது திருகை மாற்றலாம் என்று முடிவெடுப்பது அந்த ஓட்டத்தின் முக்கியமான திறமை.

கொடுத்த விலை

இந்தக் கதையைப் பெருமையாக மட்டும் சொல்லும்போது ஒரு பக்கம் மறைந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்னும். முழுக்க எரியாத எண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். பிளக்கில் கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேணும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில் இது இரட்டைப் பிரச்சினை. ஓட ஓட எஞ்சின் செத்துக்கொண்டுதான் ஓடியது. அது செத்துவிடாமல் மெக்கானிக் பின்னால் ஓடினார்.

மனிதருக்கும் விலை இருந்தது. காருக்குள் போன மண்ணெண்ணெய் விளக்குக்குள் போகாத மண்ணெண்ணெய். அந்தக் காலத்துப் பிள்ளைகள் 'சிக்கன விளக்கில்' படித்தவர்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் அதில் ஊற அளவாய் மண்ணெண்ணெயும் விட்டு, மெல்லிய திரி போட்ட விளக்கு அது. ஓ.எல்., ஏ.எல். சோதனைகளுக்கு அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறைதான் எங்கட அம்மா அப்பாமார், எங்கட ஆசிரியர்மார். றேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்ததும் அவர்கள்தான். கார் எஞ்சினைத் திருத்தினவரை ஓரளவாவது ஊர் நினைக்குது. விளக்குத் திரியை எவ்வளவு மெல்லியதாகத் திரித்தால் இரவு முழுக்க நிற்கும் என்று கண்டுபிடித்த அம்மாமாரை மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் ஒரே வேலை. கையில் உள்ள கொஞ்ச எண்ணெயை எப்படி நீட்டுவது என்ற வேலை.

பிறகு 1995 ஒக்ரோபர் 30 வந்தது. வலிகாமம் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கார் வைத்திருந்தவர்களில் எல்லாரும் காரைக் கொண்டுபோகவில்லை. சில கார்கள் வீட்டோடு போயின. சில, ஆட்களை ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போய்த் திரும்பவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் எரிந்தும் நசுங்கியும் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வாகனத்தை எது வரைக்கும் கொண்டுபோகலாம் என்பது விளங்கும்.

வேறு ஊர்களில்

தடைக்குள் வாழ்ந்த வேறு ஊர்களும் இதையே செய்தன. கியூபாவில் 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவின் தடை வந்தது. ஐம்பதுகளின் செவர்லேயும் ஃபோட்டும் சோவியத் எஞ்சின்களோடும் லாடா உதிரிப்பாகங்களோடும் இன்னும் ஓடுது. அதைப் பார்க்கவென்றே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். பப்புவா நியூ கினியின் போகன்வில் தீவில் எங்கட தடை வந்த அதே 1990இல் முற்றுகை தொடங்கியது. அங்கே ஆட்கள் தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள், அது ஆவணப்படமாகவும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் இல்லாமல் தமிழ்நாட்டில் கரி எரித்து அந்த வாயுவில் பஸ் ஓடியதைத் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கியூபாவின் கார் உலகப் புகழ் பெற்றது. போகன்வில்லுக்குப் படம் கிடைத்தது. எங்கட சேலைன் போத்தல் எங்கே இருக்கு? அநேகமாக, பெற்றோல் மறுபடி வந்த அந்த மாதமே குப்பைக்குப் போயிருக்கும். யாரையும் குற்றம் சொல்ல ஏலாது. கஷ்டத்தின் அடையாளத்தைக் கழற்றி எறிவது மனித இயல்பு.

எதைத் திருத்துவது, எதை விடுவது

இப்ப மறுபடி எங்கட பொழுதுபோக்குக் கேள்விக்கு வருவோம். பழைய கார் விரும்பிகளின் உலகத்தில் பெரிய சொல் 'ஒறிஜினல்'. தொழிற்சாலையில் இருந்து வந்த எஞ்சின், வந்த நிறம், வந்த திருகாணி. அதில் இருந்து விலகியது எல்லாம் குறை. அந்தக் கண்ணோடு ஒரு யாழ்ப்பாணத்து ஏ40ஐப் பார்த்தால் அது குறைகளின் மூட்டை. பெற்றோல் தாங்கி மாறியிருக்கும், எரிபொருள்க் குழாயில் ஒரு ஓட்டை அடைத்த தடம் இருக்கும், டாஷ்போட்டில் என்ன வேலைக்கென்று விளங்காத ஒரு சுவிச் இருக்கும், புஷ் உள்ளூர் லேத்தில் கடைந்ததாக இருக்கும். 'ஒறிஜினல்' ஆக்குபவர் இவ்வளவையும் கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தில் ஓடர் பண்ணிய பிரித்தானிய உதிரிப்பாகத்தைப் பூட்டுவார். கார் அழகாக வரும். ஆனால் அது லோங்பிறிட்ஜின் கார். பேர்மிங்ஹாமில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம், அதற்கு யாழ்ப்பாணம் வரத் தேவையில்லை.

பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான பிவா 2012இல் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ரூறின் சாசனம் என்று பேர். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஒரு வாகனம் தன் சாதாரண வாழ்நாளில் அடைந்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, அவற்றைப் பாதுகாக்க வேணும், தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை என்பது அதன் ஒரு கருத்து. 'ஒறிஜினல்' என்று அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லலாம். அவர்கள் மதிக்கும் உலகமே இப்படித்தான் சொல்லுது.

நல்லூரில் மரபுரிமை என்றால் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி என்று விரல் மடிப்போம். அவை கட்டாயம் காக்கப்பட வேண்டியவை. ஆனால் அவை அரசர்களின், மந்திரிகளின் வரலாறு. ஒரு சாதாரண மெக்கானிக்கின், ஹயர்க் கார்ச் சாரதியின், தோட்டக்காரரின் வரலாற்றுக்குக் கல்லில் சாட்சி இல்லை. இரும்பிலும் ரப்பர்க் குழாயிலும் மட்டும்தான் இருக்கு. கல் நானூறு வருசம் நிற்கும். ரப்பர்க் குழாய் நாற்பது வருசமும் நிற்காது.

அதனால் பழைய வண்டியில் கை வைக்கும் நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள். கழற்ற முன் படம் எடுங்கோ, ஒவ்வொரு மாற்றத்தையும். எது தொழிற்சாலை வேலை, எது ஊர் வேலை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கோ. ஊர் வேலையில் ஆபத்து இல்லாதது எதுவோ அதை அந்த இடத்திலேயே விடுங்கோ. பிறேக்கும் ஸ்ரியறிங்கும் கட்டாயம் புதிதாக்க வேணும், அதில் வரலாறு பார்க்கக் கூடாது. கழற்றத்தான் வேணும் என்றால், கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு, திகதி எழுதி வையுங்கோ. எல்லாத்துக்கும் மேலே, அந்த வேலையைச் செய்தவர் உயிரோடு இருந்தால் போய்க் கேளுங்கோ. 1990இல் முப்பது வயதில் இருந்த மெக்கானிக்குக்கு இப்ப அறுபத்தைந்துக்கு மேல். அவருக்குப் பிறகு அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டு 'இப்ப மாத்து' என்று சொல்ல ஆள் இருக்காது.

எங்கட கலைப்பீடத்தில் இருக்கும் வரலாறு, சமூகவியல், மானிடவியல் மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு இல்லை என்று வருசா வருசம் புலம்புகிறோம். பல்கலைக்கழக வாசலில் இருந்து பத்து நிமிசம் சைக்கிள் மிதித்தால் எட்டக்கூடிய கராச்சுகளில் எழுதப்படாத ஒரு தொழில்நுட்ப வரலாறு கிறீஸ் பூசிக்கொண்டு இருக்கு.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்க 2022 விடவில்லை. நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றது, யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள்கள் மறுபடி தெருவை நிறைத்தன. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏற, தோட்டக்காரரும் மீன்பிடிக்கிறவரும் திணறிப்போனார்கள். இந்த முறை காரை மண்ணெண்ணெய்க்கு மாற்ற அநேகமானோரால் முடியவில்லை. எண்ணெய் விலை ஒரு காரணம், கார்கள் மாறிவிட்டது மற்றக் காரணம். திறந்து பார்த்துத் திருக முடியாத இயந்திரங்களோடுதான் எங்கட தலைமுறை வாழுது. பழைய எஞ்சினைத் திருத்தும் பொழுதுபோக்குக்கு அதனால்தான் ஒரு பெறுமதி இருக்கு. ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்யுது என்று கையால் அறிந்தவருக்கு, அது நின்றுபோகும் நாளில் யோசிக்க ஒரு இடமாவது இருக்கும். தொண்ணூறுகளில் எங்கட ஊருக்கு அந்த இடம் இருந்தது. அதை யார் எப்படி உண்டாக்கினார்கள் என்பதை எழுதி வைக்கும் வேலை இன்னும் மிச்சம் கிடக்கு.